கோடு ஏன் நடுங்குகிறது? பழைய அலைவுகாட்டியில் முரலல் தேடும் முறை

நோயாளியின் மணிக்கட்டைப் பற்றி நாடி பார்க்கும் பரிகாரியாரை நம் கிழக்குக் கரையூர்களில் அறியாதார் இலர். அவருடைய விரல்நுனி உணர்வதை நம்பியே மருந்து தீர்மானிக்கப்படும். அவ்விரலே நடுக்கங் கண்டதாயின் யாது நேரும்? நோயாளியின் நாடி செவ்வையாக இருப்பினும் அது தடுமாறுவதாகவே அவருக்குத் தோன்றும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்கப்படும். உள்ள நோய் மறைந்தே கிடக்கும்.

மின்னியல் உலகில் நாடி பார்க்கும் விரலாக விளங்குவது கதோட்டுக் கதிர் அலைவுகாட்டி என்னும் கருவியாகும். அதன் திரையில் ஒளிக்கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடும். வெளியிலிருந்து யாதொரு மின்குறியும் ஊட்டப்படாத வேளையில், அக்கோடு மருதமுனை நெசவாளர் தறியில் இழுத்துக் கட்டிய பாவுநூல் போல நேராக நிற்றல் வேண்டும். அவ்வாறின்றி மெல்லிய அலைகளாக நெளியுமாயின், கருவிக்குள் முரலல் புகுந்துவிட்டது என்பது பொருள். வானொலி திருத்துவோர் இதனை ‘ஹம்’ என்று கூறுவர். பழைய வானொலிப் பெட்டியில் வண்டு முரல்வதுபோலக் காதிற் கேட்கும் அதே தொல்லைதான் அலைவுகாட்டியில் கண்ணுக்குத் தெரிகிறது.

இலக்கமுறைக் கருவிகள் பெருகிவிட்ட இந்நாளில் பழைய அலைவுகாட்டிகள் பரிசோதனைச்சாலைகளின் மூலைகளிலிருந்து வெளியேறி, குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ சம்மாந்துறையிலோ உள்ள ஒரு மாணவனின் கைக்கு அத்தகைய கருவியொன்று கிடைக்குமாயின், அது பெரும்பேறே. ஆனால் அத்துடன் முரலலும் பெரும்பாலும் இலவசமாக வந்து சேரும். அதனை அவன் அறியாது விட்டால், தான் செய்யும் ஒவ்வொரு சோதனையிலும் அந்த நெளிவைக் கண்டு, தன் சுற்றிலேயே பிழை இருப்பதாக எண்ணி நாட்களை வீணாக்குவான். அறிந்தும் முறை தெரியாது பெட்டியைத் திறந்தாலோ, உயிருக்கே இடர் நேரலாம். ஆதலின் இம்முரலலின் பிறப்பையும், அதனைத் தேடிப் பிடிக்கும் ஒழுங்கையும் இங்கே சற்று விரிவாக நோக்குவோம்.

கருவி பிறந்த வரலாறு

1897ஆம் ஆண்டில் ஸ்ராஸ்பேர்க் நகரில் காள் பேர்டினண்ட் பிரவுண் என்னும் ஜேர்மானிய அறிஞர் கதோட்டுக் கதிர்க் குழாயை உருவாக்கினார். காற்றகற்றிய கண்ணாடிக் குழாயினுள் இலத்திரன் கற்றையொன்றை ஓடவிட்டு, அது திரையில் மோதும் இடத்தில் ஒளிப்புள்ளி தோன்றச் செய்தார். அப்புள்ளியை அசைப்பதன் மூலம் மாறிக்கொண்டேயிருக்கும் மின்னோட்டத்தைக் கண்ணாற் காணலாம் என்று காட்டினார். கம்பியில்லாத் தந்திக்கு ஆற்றிய தொண்டுக்காக 1909ஆம் ஆண்டின் நோபல் பரிசை மார்க்கோனியுடன் பகிர்ந்துகொண்டவரும் இவரேயாவர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஹாவார்ட் வொல்லம், ஜாக் மேர்டொக் முதலியோர் டெக்ரோனிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1947இல் வெளிவந்த அவர்களது 511 என்னும் கருவி, திரையில் அலை அசையாது நிற்கும்படி தொடக்கி விடும் முறையைப் பரவச் செய்தது. வால்வுகள் நிறைந்த 545 போன்ற கனத்த பெட்டிகளும், 1972இல் வந்த திரான்சிற்றர் வகை 465உம் உலகெங்கணும் பரிசோதனைச்சாலைகளை நிறைத்தன. இவை யாவும் அரை நூற்றாண்டைக் கடந்தும் உயிரோடிருக்கின்றன. கண்ணாடிக் குழாயும் நிலைமாற்றியும் முதுமையை எளிதில் அறியா. முதலில் முதுமையடைவது மின்வழங்கற் பகுதியே.

முரலல் எங்கிருந்து வருகிறது?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அளவிலான ஆடலோட்டமாகும். அது செக்கனுக்கு 50 தடவை திசைமாறி ஆடுகிறது. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து வந்தாலும், கல்லோயாத் திட்டத்தின் கீழ் எழுந்த நம் மாவட்டத்து இங்கினியாகலை நிலையத்தில் பிறந்தாலும், நாடு முழுவதும் ஆட்டம் ஒன்றே.

அலைவுகாட்டியின் உறுப்புகளுக்கோ ஆட்டமில்லாத நேரோட்டம் வேண்டும். ஆதலால் உள்ளே நான்கு படிகள் அமைந்திருக்கின்றன. நிலைமாற்றி வோல்ற்றளவைத் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. இருவாயிகளாலான சீராக்கி, ஆட்டத்தின் எதிர்ப்பாதியையும் நேர்ப்பாதியாகப் புரட்டுகிறது. அடுத்து வரும் பெரிய கொள்ளளவி, மேடுபள்ளங்களை நிரவி ஒப்பமாக்குகிறது. இறுதியில் நிலைப்படுத்தும் சுற்று, எஞ்சிய சிற்றலையையும் தணித்து, உறுதியான வோல்ற்றளவை வெளிவிடுகிறது. க. பொ. த. உயர்தரப் பௌதிகவியல் கற்கும் மாணவர் இந்நான்கு படிகளையும் பாடமாகவே அறிவர்.

இவற்றுள் கொள்ளளவியின் தொழிலை நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒப்பிடலாம். குழாயில் விட்டுவிட்டு நீர் வந்தாலும், தொட்டி இருப்பதனால் வீட்டிற் புழங்கும் நீர் தடைப்படுவதில்லை. தொட்டியின் அடியில் மணல் சேர்ந்து அதன் கொள்ளளவு சுருங்கிவிட்டால், நீர் வராத சிறு இடைவேளையிலும் தொட்டி வற்றிப்போகும். மின்பகு கொள்ளளவியினுள் ஈரமான பாயமொன்று உண்டு. ஆண்டுகள் செல்லச்செல்ல, வெப்பத்தினால் அது உலர்ந்து போகிறது. வெப்பநிலை பத்துப் பாகை செல்சியசு கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னியலாளர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. நம் கரையோரத்து வெப்பத்தில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் கொள்ளளவியின் நிலையை இதிலிருந்து உய்த்துணரலாம்.

ஒரு சிறு கணக்கு

மாணவர் பொருட்டு இதனை எண்களால் காட்டுவோம். ஒரு மின்வழங்கலில் உச்ச வோல்ற்றளவு 24 என்றும், எடுக்கப்படும் மின்னோட்டம் 0.2 அம்பியர் என்றும், கொள்ளளவு 1000 மைக்ரோபரட்டு என்றும் கொள்வோம். முழு அலை சீராக்கலில் இரு மேடுகளுக்கு இடைப்பட்ட நேரம் 10 மில்லி செக்கன். அந்நேரத்தில் கொள்ளளவி இழக்கும் வோல்ற்றளவு, மின்னோட்டத்தை நேரத்தாற் பெருக்கிக் கொள்ளளவால் வகுத்தால் கிடைக்கும். 0.2 × 0.01 ÷ 0.001 = 2 வோல்ற்று. ஆகவே வோல்ற்றளவு 24க்கும் 22க்கும் இடையில் ஏறியிறங்கும்.

இதிலிருந்து நிலைப்படுத்தி 15 வோல்ற்றைத் தருவதற்கு, உள்ளே 18 வோல்ற்றாவது வேண்டும் என்க. பள்ளத்திலும் 22 இருப்பதால் குறையில்லை. கொள்ளளவி முதுமையுற்றுப் பாதியாகச் சுருங்கினால் ஏற்ற இறக்கம் 4 வோல்ற்றாகும். பள்ளம் 20க்கு இறங்கும். அப்பொழுதும் நிலைப்படுத்தி சமாளித்துவிடும். திரையில் ஒன்றும் தெரியாது. நோய் உள்ளே பாதி முற்றியும் வெளியில் அறிகுறி இல்லை!

மாலை வேளையில் ஊரெல்லாம் விளக்கேற்றி, மின்சாரம் 230இலிருந்து 200 வோல்ற்றுக்குத் தாழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். உச்சம் ஏறத்தாழ 21க்கு இறங்கும். புதிய கொள்ளளவியாயின் பள்ளம் 19, குறையில்லை. பாதி சுருங்கிய கொள்ளளவியாயின் பள்ளம் 17. நிலைப்படுத்திக்கு வேண்டிய 18 கிடைக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் 15 வோல்ற்று சற்றே இடறி விழும். அந்த இடறலே திரையில் நெளிவாகத் தோன்றும். பகலில் நல்ல பிள்ளையாக இருக்கும் கருவி, மாலையானதும் முரலத் தொடங்குவதன் மறைபொருள் இதுவே. மின்சாரத்தின்மேற் பழி போடுவோர் பலர். மின்சாரம் தாழ்ந்தது உண்மையாயினும், முதிர்ந்த கொள்ளளவியே உட்காரணம். அது நாலிலொரு பங்காகச் சுருங்கிய பின்னர் பகலென்றும் இரவென்றும் பாராது கோடு நெளியும்.

குற்றம் உள்ளேயா, வெளியேயா?

நெளிவைக் கண்டவுடன் திருகாணிகளைக் கழற்ற விரைதல் ஆகாது. பெட்டியைத் திறவாமலே கண்டறியக்கூடியவை பல.

முதலில், உள்ளீட்டு ஆளியைப் புவி நிலைக்குத் திருப்புக. அப்பொழுது வெளியிலிருந்து வரும் மின்குறி துண்டிக்கப்படும். நெளிவு மறைந்துவிட்டால் கருவி குற்றமற்றது. குற்றம் தேடுகோலிலோ, அதன் புவிக்கம்பியிலோ, சோதிக்கப்படும் சுற்றிலோ இருக்கின்றது. தேடுகோலின் நுனியை விரலால் தொட்டால் பெரிய அலையொன்று எழுவதைக் கண்டு அஞ்ச வேண்டா. நம் உடலே வானலைக்கம்பி போல நின்று, சுவரிலோடும் மின்கம்பிகளின் ஆட்டத்தை வாங்கித் தருகிறது. அது நோயன்று.

இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் புவித்தொடுப்புப் பெற்று, தமக்குள்ளும் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தால், புவித்தொடுப்பு வளையம் ஒன்று உண்டாகி முரலலைத் தரும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் திருமண வீட்டு ஒலிபெருக்கியிலும் கேட்கும் இரைச்சலுக்கும் பலமுறை இதுவே காரணம். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து மின்னூட்டினால் பெரும்பாலும் தணியும். இதற்கு மருந்தாகச் சிலர் செருகியின் மூன்றாவது ஊசியை வெட்டிவிடுவதுண்டு. அது மருந்தன்று, நஞ்சு. காவல் குலைந்தவொரு நாளில் கருவியின் உலோகப் பெட்டி முழுவதும் மின்னேறி நிற்கும். தொட்டவர் பிழைப்பது அரிது.

அடுத்து, ஆளி புவி நிலையிலிருக்கையில் கருவியை மேசைமீது சற்றே திருப்பி வைத்துப் பார்க்க. நெளிவின் உயரம் திசைக்குத் திசை மாறினால், அருகிலுள்ள நிலைமாற்றி, மின்விசிறி முதலியவற்றின் காந்தப்புலம் இலத்திரன் கற்றையை இழுக்கின்றது எனலாம். அப்பொருளை அகற்றினால் போதும். கதிர்க்குழாயைச் சுற்றி இதற்கெனவே சிறப்புக் கலப்புலோகக் கவசம் உண்டு. யாரேனும் முன்னர் கழற்றிவிட்டு மீளப் பூட்டாமல் விட்டிருப்பதும் காணக்கூடியதே.

எண்ணிப் பார்த்தால் இனம் தெரியும்

குற்றம் உள்ளேதான் என்று தெளிந்தபின், கருவியைக் கொண்டே கருவியைச் சோதிக்கலாம். நேர அளவை ஒரு கட்டத்திற்கு 5 மில்லி செக்கனாக வைக்க. பத்துக் கட்டங்களில் 50 மில்லி செக்கன் அடங்கும். அந்த அகலத்தில் அலைகள் இரண்டரை தோன்றினால் செக்கனுக்கு 50. ஐந்து தோன்றினால் செக்கனுக்கு 100. தொடக்கி ஆளியை மின்வழங்கல் நிலையில் வைத்தால் அலை அசையாது நிற்க வேண்டும். நில்லாது நகர்ந்துகொண்டே இருப்பின், அது மின்சாரத்தினால் வந்ததன்று. வேறு அலைவென்று கொண்டு வேறு வழியில் தேடுக.

செக்கனுக்கு 100 என்றால் சீராக்கி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதற்கு அடுத்த கொள்ளளவியோ நிலைப்படுத்தியோ சோர்ந்திருக்கிறது. செக்கனுக்கு 50 என்றால் ஐயம் வேறிடம் செல்லும். நான்கு இருவாயிகளுள் ஒன்று அறுந்து, முழு அலை அரை அலையாகியிருக்கலாம். வால்வுக் கருவியாயின், ஒரு வால்வின் சூடேற்றும் இழைக்கும் கதோட்டுக்கும் இடையே காவல் குலைந்து ஒழுக்கு ஏற்பட்டிருக்கலாம். நிலைமாற்றியின் காந்தப்புலமாகவும் இருக்கலாம். ஒரே எண்ணிக்கை தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது அன்றோ?

நெளிவின் திசையும் பேசும். கோடு மேலுங்கீழும் அசைந்தால் நிலைக்குத்து விரியலாக்கியையும் அதற்கு மின்னூட்டும் வழியையும் நோக்குக. அலைகள் பக்கவாட்டில் நெருங்கியும் விலகியும் துடித்தால் கிடைவீச்சுச் சுற்று. கோடு நேராயிருந்தும் ஒளி மட்டும் மங்கியும் துலங்கியும் மாறினால், கதிர்க்குழாயின் ஒளியைக் கட்டுப்படுத்தும் உயர் வோல்ற்றுப் பகுதி. இரு வழிக் கருவியில் ஒரு வழியில் மட்டும் நெளிவிருந்தால் அவ்வழிக்குரிய சுற்றில் தேடலாம். இரண்டிலும் ஒருங்கே தோன்றினால் இரண்டுக்கும் பொதுவான மின்வழங்கலே முதல் ஐயத்துக்குரியது.

உயிருக்கு அஞ்சுக

இனிப் பெட்டியைத் திறக்கும் கட்டம். இங்கே நாம் இளைஞரை மட்டுமன்றிப் பெற்றோரையும் நோக்கிச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அலைவுகாட்டியினுள் கதிர்க்குழாய்க்கெனச் சில கருவிகளில் இரண்டாயிரம் வோல்ற்றும், சிலவற்றில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட வோல்ற்றும் உண்டு. வால்வுக் கருவிகளின் சாதாரண மின்வழங்கலே 500 வோல்ற்று வரை செல்லும். மின்செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் ஏற்றம் தங்கியிருக்கும். செருகி கையிலிருக்கிறது என்ற துணிவினால் அடிபட்டவர்களே மிகுதி.

ஆகவே சில விதிகளை மறவாது கைக்கொள்ளுக. தனியே இருந்து இவ்வேலையைச் செய்யற்க. மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைக்க. ஈரத்தரையில் வெறுங்காலோடு நில்லற்க. மின்னைத் துண்டித்துச் சில நிமிடங்கள் பொறுத்து, பத்தாயிரம் ஓம் அளவுள்ள, சில வாற்றுகள் தாங்கும் தடையியொன்றை நன்கு காவலிட்ட பிடியிற் பொருத்தி, தாழ் வோல்ற்றுக் கொள்ளளவிகளின் முனைகளுக்கிடையே சற்று நேரம் தொடுவித்து ஏற்றத்தை இறக்குக. பின்னர் பல்மானியால் அளந்து, பூச்சியமாயிற்று என்று உறுதிசெய்க. திருப்புளியால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்க விடுவது வீரமன்று. கொள்ளளவியையும் கெடுத்துக் கையையும் சுடும். மின்னேற்றி அளக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுப்புறம் வைத்துக்கொள்க. உயர் வோல்ற்றுப் பகுதியை, அதில் பழகிய தேர்ந்த திருத்துநர் அல்லாதார் தொடாதிருத்தலே அறிவுடைமை.

தாயை முதலில் பார்க்க

பழைய அலைவுகாட்டிகளில் ஐந்தாறு வெவ்வேறு வோல்ற்றளவுகள் இருக்கும். அவை உடன்பிறந்தாராகச் சமமாக இருப்பதில்லை. ஒன்று தாய், ஏனையவை அதனைப் பார்த்தே தம்மை நிறுத்திக்கொள்ளும். டெக்ரோனிக்ஸ் 545இல் எதிர் 150 வோல்ற்றே தாய். அதனை அளவுகோலாகக் கொண்டே 100, 225, 350, 500 வோல்ற்றுகள் நிலைபெறுகின்றன. 465இல் 55 வோல்ற்று அவ்விடத்தை வகிக்கிறது. தாயிடம் நெளிவிருந்தால் பிள்ளைகள் எல்லாவற்றிலும் அது படரும். இதனை அறியாதவர் 350இல் நெளிவைக் கண்டு அங்குள்ள கொள்ளளவியை மாற்றி, பின் 225இலும் மாற்றி, பணமும் பொழுதும் செலவிட்டு, ஈற்றில் தொடங்கிய இடத்திற்கே வந்து நிற்பர்.

ஆதலால் கருவியின் கைநூலைத் தேடிப் பெற்று, சோதனைப் புள்ளிகளை அடையாளங் கண்டு, தாய் வோல்ற்றளவை முதலில் அளக்க. அதன் நேரோட்ட அளவு சரியா, அதன்மேல் ஏறியிருக்கும் சிற்றலை கைநூலிற் கூறிய எல்லைக்குள் அடங்குகிறதா என இரண்டையும் பார்க்க. இன்னொரு அலைவுகாட்டி இரவலாகக் கிடைத்தால் மிக நன்று. அஃதில்லாதபோது பல்மானியின் ஆடலோட்ட நிலையை, வோல்ற்றைத் தாங்கவல்ல கொள்ளளவியொன்றைத் தொடராக இட்டுப் பயன்படுத்தலாம்.

தாய் செவ்வையாயிருந்தால் ஒவ்வொன்றாக ஏனையவற்றை அளக்க. ஒவ்வொன்றிலும் நிலைப்படுத்திக்கு முன்னும் பின்னும் அளப்பது இன்றியமையாதது. முன்னே சிற்றலை பெரிதாகவும் பின்னேயும் தெரிவதாகவும் இருந்தால் பெரிய கொள்ளளவி சோர்ந்தது. முன்னே அளவோடிருந்து, பின்னே மிகுந்திருந்தால் நிலைப்படுத்தியிலுள்ள வால்வோ திரான்சிற்றரோ, அளவு மாறிப்போன தடையியோ காரணம். இவ்வாறு தேடினால் பத்துக் கொள்ளளவிகளுள் மாற்ற வேண்டியது ஒன்றே என்பது தெளிவாகும். கண்டதையெல்லாம் கழற்றி மாற்றுவோர், பழைய பிழை ஒன்றை நீக்கிப் புதிய பிழை இரண்டைப் புகுத்துவதும் உண்டு.

மாற்றும் முறை

ஐயத்துக்குரிய கொள்ளளவியின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பசை போல ஏதேனும் கசிந்திருக்கிறதா என நோக்குக. உப்பாமலும் கசியாமலும் உள்ளே உலர்ந்து போவதும் உண்டு. ஆகவே ஒரு முனையைக் கழற்றி, கொள்ளளவையும் உள்தடையையும் அளந்து பார்த்தலே உறுதியானது. பழைய வானொலிக் கடைகளில், மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதொன்றைப் பழையதன் குறுக்கே பிடித்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. பொறி பறக்கும், கை நழுவும், இவ்வழக்கத்தைப் பின்பற்றற்க. அவ்வாறு சோதிக்க விரும்பின், மின்னை நிறுத்தி, ஏற்றத்தை இறக்கி, கவ்விகளால் பொருத்திய பின்னரே மின்னேற்றுக.

புதிய கொள்ளளவியின் வோல்ற்றுத் தாங்கும் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருத்தல் வேண்டும். கொள்ளளவு சற்றுக் கூடினால் குறையில்லை. மும்மடங்கு நான்மடங்காகக் கூட்டினால், மின்னேற்றும் கணத்தில் பாயும் பெருமின்னோட்டம் சீராக்கியைக் கெடுக்கும். 105 பாகை செல்சியசு தாங்குவது என்று பொறிக்கப்பட்டதை வாங்குக. நம் வெப்பத்திற்கு அதுவே ஏற்றது. நேர் முனை எதிர் முனை மாறினால் கொள்ளளவி வெடிக்கும். ஒரே குவளைக்குள் பல கொள்ளளவிகள் அடங்கிய பழைய வகைகளில், வெளிக்குவளை எப்பொழுதும் புவியோடு இணைந்திருக்கும் என்று நம்பிவிடலாகாது. கழற்றுமுன் எந்தக் கம்பி எங்கே என்று தாளில் வரைந்துகொள்க. டெக்ரோனிக்ஸின் வால்வுக் கருவிகளில் உறுப்புகள் பீங்கான் பட்டைகளின் மேல் பிடிக்கப்பட்டிருக்கும். அவற்றிற்கு வெள்ளி கலந்த ஈயமே உரியது. சாதாரண ஈயத்தைத் திரும்பத் திரும்ப உருக்கினால் பட்டையிலுள்ள வெள்ளிப்பூச்சு கரைந்து, பிடிமானம் கழன்றுவிடும்.

வேலை முடிந்தவுடன் நேரே மின்னேற்றாமல், 60 அல்லது 100 வாற்று இழை விளக்கொன்றைத் தொடராக இட்டு மின்னேற்றுவது நம் வானொலித் திருத்துநர் கண்ட நல்ல வழக்கம். உள்ளே எங்கேனும் குறுஞ்சுற்று இருந்தால் விளக்குப் பிரகாசமாக எரிந்து எச்சரிக்கும்; கருவி தப்பும். ஆனால் விளக்கு இருக்கையில் கருவிக்குச் செல்லும் வோல்ற்றளவு தாழ்ந்திருக்கும். மேற்கூறிய கணக்கின்படி, அந்நிலையில் நல்ல கருவியும் முரலக்கூடும். எனவே விளக்கைக் கொண்டு காவல் மட்டுமே செய்க. முரலல் தீர்ந்ததா என்பதை விளக்கை நீக்கி முழு மின்சாரத்தில் பார்த்தே முடிவுசெய்க.

கடற்காற்றின் கைவேலை

உள்நாட்டு ஊர்களில் இருப்போர் அறியாத ஒரு பகைவன் நம் கரையோரத்தில் உண்டு. அதுவே உப்புக் காற்று. கடலோர வீடுகளில் சாளரக் கம்பிகளையும் தையல் இயந்திரத்தையும் அரிப்பது போலவே, அது அலைவுகாட்டியின் உட்புறத்தையும் விட்டுவைப்பதில்லை. கொள்ளளவியின் புவித்தொடுப்பு உலோகத்தட்டோடு திருகாணியால் முறுக்கப்பட்டிருக்கும் இடத்தில் மெல்லிய துருப்படலம் படியும். கொள்ளளவி புத்தம் புதியதாயினும், அத்துரு ஒரு தடையியாக நின்று அதனைப் பயனற்றதாக்கிவிடும். புதிய கொள்ளளவி இட்டும் முரலல் தீரவில்லை என்று மனஞ்சோர்வோர் இந்தத் திருகாணிகளை ஒருமுறை தளர்த்தி, சுரண்டித் துலக்கி, மீள முறுக்கிப் பார்த்தல் வேண்டும். பற்றாசு பிடித்த மூட்டுகளில் மயிரிழை வெடிப்புண்டா என உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதலும் நன்று. தூசும் உப்பும் சேர்ந்து ஈரத்தை ஈர்க்குமாதலால், உயர் தடையுள்ள இடங்களை ஐசோபுரப்பைல் மதுசாரத்தால் துடைத்து நன்கு உலர விடுக.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, இலங்கையில் மிகுதியான உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் நம் அம்பாறையே. அந்நாளில் வீடுகளுள் புகுந்த உப்புநீர் தொட்ட மின்கருவிகளைப் பற்றி ஒரு சொல்: கடல்நீரில் மூழ்கிய அலைவுகாட்டியை, வெளியே உலர்ந்து காணப்படினும், நம்பி மின்னேற்றலாகாது. நிலைமாற்றியின் சுருள்களுக்கிடையே தங்கிய உப்பு ஆண்டுகள் கழிந்தும் காவலைக் குலைக்கும். அத்தகையதை உதிரி உறுப்புகளுக்காக மட்டும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

திருத்தியபின் செய்ய வேண்டுவது

கோடு நேராகிவிட்டது என்று மகிழ்ந்து மூடியை முறுக்கிவிடுதல் போதாது. மின்வழங்கல் சிறிது மாறினாலும் கருவியின் அளவைகள் யாவும் மாறும். ஒரு கட்டத்திற்கு ஒரு வோல்ற்று என்று அது சொல்வது உண்மையில் ஒரு வோல்ற்றுதானா என்பதைக் கருவியிலேயே உள்ள அளவுகோல் மின்குறியைக் கொண்டு சரிபார்க்க. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய பின் மீண்டும் பார்க்க. மாலையில், மின்சாரம் தாழ்ந்திருக்கும் வேளையில், இன்னொருமுறை பார்க்க. மூன்று வேளையும் கோடு நேராக நின்றால் மட்டுமே திருத்தம் நிறைவுற்றதாகும்.

கண்ட அளவுகளையும் மாற்றிய உறுப்பையும் நாளையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்குமாறு மாணவரை வேண்டுகிறோம். அடுத்த முறை முரலல் எழும்போது அக்கொப்பியே முதல் உதவியாளன். பல வீடுகளில் வாப்பா விட்டுச் சென்ற பழைய வானொலியும், ஒலிநாடாக் கருவியும் இதே நோயால் ஊமையாகிக் கிடக்கின்றன. அவற்றுக்கும் இதே சோதனை முறை பொருந்தும்.

1995இல் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நம் பிள்ளைகளுக்கு அறிவியலின் வாயிலை வீட்டருகிலேயே திறந்து வைத்திருக்கிறது. அவ்வாயிலிற் புகுமுன்னரே, பழைய கருவியொன்றின் முன் அமர்ந்து, அவசரப்படாது, எண்ணி, அளந்து, ஐயங்களை ஒவ்வொன்றாக விலக்கி, உண்மைக் காரணத்தைத் தொட்ட இளைஞன், எந்தப் பரிசோதனைச்சாலையிலும் தலைநிமிர்ந்து நிற்பான். அவனுக்குப் பெற்றோர் செய்யத்தக்க உதவி இரண்டு: திருத்தும்போது ஒருவர் அருகிலிருத்தல், செருகியின் மூன்றாவது ஊசி வெட்டப்படாது காத்தல். எஞ்சியவற்றை அவனுடைய பொறுமை பார்த்துக்கொள்ளும்.